சாம்பலும் கே-யும்

அன்புள்ள ஐயா,

என் மகள் எட்டாம் வகுப்பு. தனிமங்களின் குறியீடுகளை உருப்போட முடியாமல் அழுகிறாள். சோடியத்துக்கு என்ஏ, பொட்டாசியத்துக்கு கே, டங்ஸ்டனுக்கு டபிள்யூ. பெயருக்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லையே? நாமே தமிழில் குறியீடு வைத்துக்கொண்டால் என்ன? மனப்பாடம் செய்ய எளிய வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

பிள்ளையைத் திட்டாதீர்கள். நானும் பொட்டாசியத்துக்கு 'பி' என்று எழுதி, இம்போசிஷன் நூறு தடவை எழுதியவன்தான். "பி பாஸ்பரஸுக்குப் போயிடுச்சுடா" என்றார் வாத்தியார். கே எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் இன்னொரு நூறு.

தமிழ்க் குறியீடு யோசனையை விட்டுவிடுங்கள். ஜப்பானியப் பிள்ளையும் அதே கே-யைத்தான் எழுதுகிறது. சுமார் 200 வருஷத்துக்கு முன் பெர்சீலியஸ் என்ற ஸ்வீடன்காரர் லத்தீன் பெயர்களிலிருந்து எழுத்தெடுத்துக் குறியீடு வைத்தார். இரும்பு ஃபெர்ரம், அதனால் எஃப்இ. டங்ஸ்டனுக்கு இன்னொரு பெயர் வுல்ஃப்ராம். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் பொட்டாசியத்தை மட்டும் சம்பந்தமில்லை என்று சொல்ல விடமாட்டேன், அதுவும் டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு! எந்த உரக்கடைக்கும் போய் 17-17-17 மூட்டையைப் பாருங்கள். தழைச்சத்து, மணிச்சத்து, மூன்றாவது சாம்பல் சத்து. அந்தச் சாம்பல் சத்துதான் கே. செடி கொடியை எரித்த சாம்பலுக்கு அரபியில் அல்-கலி. அதிலிருந்து வந்தது காலியம் என்ற லத்தீன் பெயர், அதன் முதல் எழுத்து இந்தக் கே. இங்கிலீஷ்காரன் சாம்பலைக் கரைத்த நீரைப் பானையில் வற்றக் காய்ச்சியதால் பானைச் சாம்பல் என்று பொருள்பட பொட்டாஷ் என்றான். 1807-இல் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி அந்தப் பொட்டாஷுக்குள் மின்சாரம் பாய்ச்சி உலோகத்தைப் பிரித்தெடுத்து, பொட்டாசியம் என்று பெயர் வைத்தார். அரபிக்காரன், இங்கிலீஷ்காரன், நம் விவசாய இலாகா, மூன்று பேரும் கைவைத்தது ஒரே அடுப்பில். இதற்கா சம்பந்தமில்லை?

திருவையாற்றுப் பக்கம் எங்கள் கொல்லையில் இருபது வாழை. அப்பாயி விடியற்காலையில் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு போய், இன்றைக்கு இந்த மரம், நாளைக்கு அந்த மரம் என்று முறைவைத்துப் போடுவாள். பாத்திரம் தேய்க்க நாங்கள் ஒரு கைப்பிடி எடுத்தாலும் "வாழைக்கு வச்சதுடா" என்று கத்துவாள். வாழைக்குப் பொட்டாஷ் அதிகம் வேண்டும் என்று பின்னால் படித்தபோது எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்டது. அவளுக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது.

மனப்பாடத்துக்கு வழி கேட்டிருந்தீர்கள், இல்லையா? மரச் சாம்பலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, தெளிந்த பிறகு ஒரு சொட்டு எடுத்து விரலில் தேய்க்கச் சொல்லுங்கள். சோப்பு மாதிரி வழுக்கும். வழுக்குவது அந்தக் கலிதான். அப்புறம் கையைக் கழுவச் சொல்லுங்கள். விறகடுப்புக்கு எங்கே போவது என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள், தெருமுனை டீக்கடையில் கேட்டுப் பாருங்கள்.