450 யூனிட் ஓடும் வீட்டுக்கு மின் ஸ்கூட்டர் கட்டுப்படியாகுமா?

கேள்வி: பாபநாசம் பக்கத்தில் கிராமம். கும்பகோணத்தில் பாத்திரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். போக வர 36 கி.மீ., மாதம் 26 நாள். பெட்ரோல் ஸ்கூட்டர் 1 லட்சம், எலெக்ட்ரிக் 1.30 லட்சம் என்கிறார்கள். கையில் 1 லட்சம்தான். மீதி 30,000-க்கு ஷோரூமிலேயே 12% வட்டியில் 3 வருட லோன் தருகிறார்களாம். வீட்டு கரன்ட் பில் இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் வருகிறது. அப்பா பெட்ரோல்தான் என்கிறார். அவரிடம் மூட்டை ஏற்ற ஒரு பழைய எக்ஸ்எல் இருக்கிறது.
- வாசகி, பாபநாசம்

பதில்: எலெக்ட்ரிக் வாங்குங்கள். ஆனால் அந்த லோன் வேண்டாம்.

மாதம் 936 கி.மீ. ஓட்டுகிறீர்கள். பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுத்தால் 21 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் 2,100-க்கு மேல். எலெக்ட்ரிக்கில் 3 யூனிட் பிடிக்கும் பேட்டரி நிஜத்தில் 90 கி.மீ. ஓடும். சார்ஜ் ஏறும்போது ஆகும் விரயத்தையும் சேர்த்தால் யூனிட்டுக்கு 26 கி.மீ. அதாவது மாதம் 36 யூனிட், பில்லுக்கு 72.

இங்கேதான் பலர் தப்புக்கணக்கு போடுகிறார்கள். 450-உடன் 72 சேர்ந்தால் 522. 500-ஐத் தாண்டியதும், 101 முதல் 200 வரை 2.35 ரூபாய்க்குக் கிடைத்த யூனிட்டுகளுக்கும் ஏறக்குறைய இரட்டை விலை. பில்லில் கூடுவது சுமார் 740, மாதத்துக்கு 370. ஒரு ஃபேனையோ பழைய ஃபிரிட்ஜையோ கட்டுப்படுத்தி 500-க்குள் நின்றால் இன்னும் குறையும். அப்படி நிற்காவிட்டாலும் மாதம் 1,700 மிச்சம். ஆயில் மாற்றும் செலவு மிச்சமாவதை இதில் சேர்க்கவில்லை. விலையில் உள்ள 30,000 வித்தியாசம் ஒன்றரை வருடத்தில் திரும்பிவிடும்.

லோனுக்கு வருவோம். ஷோரூமில் 12% என்றால் பெரும்பாலும் ஃபிளாட் வட்டி. அடைத்த அசலுக்கும் சேர்த்து 3 வருடமும் வட்டி கட்டுவீர்கள்: 10,800 ரூபாய். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இது 21% வட்டி. கூட்டுறவு சங்கத்தில் நகையை வைத்து 30,000 எடுத்து, மிச்சமாகும் 1,700-ஐ மாதாமாதம் அதிலேயே கட்டுங்கள். பகுதியாகக் கட்ட விடுவார்களா, கெடு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வருமான வரியில் மின் வண்டிக் கடன் வட்டிக்கு 80இஇபி சலுகை உண்டு என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள். 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடனுக்குத்தான் அது. பெட்ரோல் ஸ்கூட்டரின் விலையையும் மறுபடி விசாரியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. பழைய கொட்டேஷனை வைத்துக் கணக்குப் போட்டால் வித்தியாசம் குறைவாகத் தெரியும்.

அப்பாவின் பயமும் வெறும் பயமல்ல. கார்த்திகை மழையில் ரோட்டில் தண்ணீர் நிற்கும். புயலடித்தால் கரன்ட் நாள்கணக்கில் வராது. 2018 கஜாவில் வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் வரவில்லை. அந்த நாட்களுக்கு எக்ஸ்எல் இருக்கட்டும், விற்றுவிடாதீர்கள். பேட்டரிக்குச் சொல்லும் ஐபி67 என்பது 1 மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும் என்ற சோதனை. வெள்ளத்தில் ஓட்டலாம் என்ற உத்தரவாதமில்லை. முங்கிய வண்டியை ஆன் செய்யாமல், சார்ஜ் போடாமல் சர்வீஸ் சென்டருக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காட்டுங்கள். வெள்ள சேதம் வாரண்டியில் வராது. அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும் பணம் தரும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸோடு நின்றால் பேட்டரிக்கு அரை லட்சத்தை ஒட்டிக் கைக்காசு போகும்.

இன்னொன்று, ஐந்து வருடம் ஓட்டுவதாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. பழைய வண்டியாக விற்கும்போது நல்ல விலை இப்போதைக்குப் பெட்ரோல் வண்டிக்குத்தான். சர்வீஸ் சென்டர் கும்பகோணத்திலேயே இருக்கும் கம்பெனியாகப் பாருங்கள். தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு போகும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம் போகும்.

சார்ஜுக்கு எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்று போடுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் சூடாகி உருகும். மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கி சார்ஜர் நின்றுபோகும்; ராத்திரி பத்துக்கு மேல் போடுங்கள். வயல் மோட்டார் கொட்டகையில் கரன்ட் இலவசம்தானே என்று அங்கே மட்டும் செருகாதீர்கள். விவசாய இணைப்பை வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் மின்சாரச் சட்டம் 126-வது பிரிவின்படி இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள்.