ஆஸ்டர் விதை வேண்டாம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது டொரொன்டோவில் இருக்கிறேன். இங்கே அக்டோபர் வந்துவிட்டது, மேப்பிள் இலையெல்லாம் கொட்டுகிறது, காலையில் புல்மேல் உறைபனி. ஆனாலும் நான் வேலைக்கு நடக்கும் பாதையோரம் ஊதா ஆஸ்டரும் மஞ்சள் கோல்டன்ராடும் இன்னும் பூத்துக்கொண்டே இருக்கின்றன. எல்லாம் முடிகிற நேரத்தில் நிற்கும் இந்தக் கடைசிப் பூக்களைப் பார்த்தால் மனதை என்னவோ செய்கிறது. நம் ஊரில் நாயுண்ணிச் செடியும் காட்டுச் சூரியகாந்தியும் தவிர எதுவும் தானாகப் பூத்ததாக எனக்கு நினைவில்லை, பச்சைதான் நினைவிருக்கிறது. டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். அம்மா வீட்டு முன்னால் போடுவதற்கு இந்த இரண்டு விதைகளையும் சேர்த்து உறையில் வைத்திருக்கிறேன். எந்த மாதம் விதைத்தால் நன்றாக வரும்?

ர., டொரொன்டோ

அன்புள்ள ர.,

விதைக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். கொண்டுவராதீர்கள். 1999-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அனுமதி எடுக்காமல் வெளிநாட்டு விதையைக் கொண்டுவரக் கூடாது. ஒரு சின்ன உறையை விமான நிலையத்தில் யார் தேடப் போகிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்குப் பயம் அந்தச் செடியை நினைத்துத்தான். கனடா கோல்டன்ராட் அழகுக்காகத்தான் ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் போனது. இன்று சீனாவில் வயலோரம், ரயில் பாதையோரம், ஆளில்லாத நிலம் என்று பரவி, அதைப் பிடுங்குவதே தனி வேலையாகிவிட்டது. மண்ணுக்குள் தண்டு ஓடிப் பக்கத்தில் முளைக்கும், விதையோ ஒரு செடியிலேயே ஆயிரக்கணக்கில், அதுவும் காற்றில் பறக்கிற விதை.

நமக்கு இதில் பட்டது போதாதா? நீங்கள் நினைவு வைத்திருக்கும் இரண்டுமே வந்தேறிகள். நாயுண்ணி 1826-இல் பேராதனைத் தாவரவியல் பூங்கா வழியாகப் பூச்செடி என்று சொல்லித்தான் வந்தது, பிறகு அது ஏறாத வேலி கிடையாது. காட்டுச் சூரியகாந்தி மெக்சிகோப் பக்கத்துச் செடி, 1851-இல் வந்தது. (அதை ஒரேயடியாகத் திட்டவும் மனம் வரவில்லை, தழையை வெட்டி மண்ணில் போட்டால் நல்ல உரம்.) ஹோர்ட்டன் சமவெளியில் மஞ்சள் பூவும் முள்ளுமாக நிற்கும் கோர்ஸ் புதர் இன்னும் மோசம், அதன் விதை மண்ணுக்குள் பல பத்து வருடம் உயிரோடு கிடக்கும் என்பதால் வெட்ட வெட்ட முளைக்கிறது.

சரி, ஆஸ்டர் அவ்வளவு பொல்லாதது இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அது இங்கே வந்து எதைப் பார்த்துப் பூக்கும்? டொரொன்டோவில் ஜூன் மாதப் பகல் 15 மணிநேரத்துக்கு மேல், டிசம்பரில் 9 மணிநேரம்கூட இல்லை. இரவு இப்படி நீண்டுகொண்டே போவதை வைத்துத்தான் ஆஸ்டர், கோல்டன்ராட் போன்ற செடிகள் தங்கள் நேரம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்கின்றன. இங்கே நுவரெலியாவில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணிநேரம்கூட வித்தியாசம் இல்லை. இங்கே பருவத்தைப் பிரிப்பது மழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை, அது ஓய்ந்ததும் ஐப்பசியில் பகல் வெயிலும் பின்னேர இடிமழையும், அப்புறம் மார்கழி தைக் குளிர்.

இதனால்தான் 'கடைசிப் பூக்கள்' என்று நீங்கள் எழுதியதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கோடையில் பூத்து மிஞ்சிப்போனவை அல்ல அவை, கோடை முழுக்க இலையும் தண்டுமாக வளர்ந்து இந்த நேரத்துக்காகவே காத்திருந்தவை. குளிர்காலத்தைத் தாண்ட வேண்டிய பெரிய வண்டுத்தேனீ ராணிகளுக்கும், மெக்சிகோ வரை பறக்கப்போகும் மொனார்க் பட்டாம்பூச்சிகளுக்கும் தீனி கிடைப்பது இவற்றில்தான். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்து மரமடர்ந்த பக்கமாகப் போனீர்கள் என்றால் விட்ச் ஹேசல் என்ற சிறுமரம் இலையெல்லாம் கொட்டிய பிறகு, மொட்டைக் கொம்பில், மஞ்சள் நூல் நூலாகப் பூப்பதைப் பார்க்கலாம். அதைப் பார்த்தும் சோகப்படுவீர்களோ என்னவோ.

அடுத்தது, நம் ஊரில் தானாக எதுவும் பூக்காது என்கிறீர்கள். நீங்கள் அங்கே தேடிப் பிடித்த அதே ஊதாவும் மஞ்சளும் இங்கே ஏற்கனவே இருக்கிறது. பினர மல் என்று சிங்களத்தில் சொல்வார்கள். செப்டம்பரை ஒட்டி வரும் பினர மாதத்தில், புல் சரிவுகளிலும் பாதைக்காக வெட்டிய மண் சுவர்களிலும் பூக்கும், முழங்கால் உயரம்கூட வராத செடி. ஐந்து நீல ஊதா இதழ், நடுவில் கொழுத்த மஞ்சள் மகரந்தப் பைகள். அந்தப் பை வெடித்துத் திறக்காது, நுனியில் சின்னத் துளைதான் உண்டு. வண்டு வந்து அதைக் கட்டிப் பிடித்து, சிறகை மடக்கிவைத்துக்கொண்டு உடம்பை மட்டும் ரீங்காரத்தோடு அதிரவைத்தால்தான் துளை வழியே மகரந்தம் கொட்டும், பூப்பக்கம் காதை வைத்தால் அந்தச் சத்தம் கேட்கும். ரோஸ் கலந்த ஊதாவில் பூக்கும் போவிட்டியா என்ற செடியும் இதே முறைதான், அதன் இலையை ஈரல் நோய்க்கு மருந்தாக நம் ஆட்களும் சாப்பிடுவார்கள்.

எல்லாரும் குறிஞ்சியைத்தான் கேட்கிறார்கள். 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கிறதென்று வேன் பிடித்து ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிற கூட்டம் வருடா வருடம் பூக்கிறதை மிதித்துக்கொண்டு போகிறது.

உங்களுக்குப் பச்சை மட்டும் நினைவிருப்பதில் ஆச்சரியமும் இல்லை. தோட்டத்தில் பூ என்றால் களை. பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போனால் புல்லுவெட்டு, களை செதுக்கும் சுரண்டி, பிற்பாடு மருந்தடிப்பு. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை 2015-இல் தடைசெய்தபோது களை ஏறியது, 2018-இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் திரும்ப அனுமதித்தார்கள். களை வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை, புல் உயர்ந்தால் அட்டையும் பாம்பும் கொழுந்து பறிக்கிற பெண்களின் காலுக்குத்தான். தேயிலையே பூக்கிற செடிதான், வெள்ளை இதழும் நடுவில் மஞ்சள் குஞ்சமுமாக. கொழுந்தை எடுத்துக்கொண்டே இருப்பதாலும், மட்டம் பார்த்துக் கிளையைக் கவ்வாத்து வெட்டுவதாலும் அதற்குப் பூக்க இடம் கிடைப்பதில்லை, பூத்தாலும் வாதுக்கு (கிளைக்கு) கீழே ஒளிந்துகொள்ளும். கைவிட்ட மலைகளில் போய்ப் பாருங்கள், தேயிலை ஆளுயரத்துக்கு மேல் மரமாகிப் பூத்துக்கொண்டு நிற்கும், தேனீயும் மொய்க்கும்.

உங்கள் உறைக்கு ஒரு வழி சொல்கிறேன். அந்த விதையை அங்கேயே, எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே, பனி விழுவதற்கு முன் தூவிவிடுங்கள். ஆஸ்டர் விதைக்கு முளைக்குமுன் சில வாரம் ஈரக் குளிர் கொடுப்பது நல்லது, அதை உங்கள் ஊர்ப் பனியே பார்த்துக்கொள்ளும். இங்கே வந்ததும் அம்மாவிடம் வாசலுக்குக் கீழே கானு (வடிகால்) ஓரம் ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளத்தை மட்டும் புல் வெட்டாமல் விடச் சொல்லிப் பாருங்கள். சம்மதிக்க மாட்டார், அட்டை வரும் என்பார்.