பையன் ரெஃப்ரி ஆகட்டும்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் குமரிக் கடற்கரையில் நீரோடிக்காரன். தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழில், மாதத்தில் பாதி நாள் கடலில்தான். மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். கால்பந்து என்றால் உயிர். நல்ல ஓட்டம் உண்டு, ஆனால் காலில் பந்து நிற்காது. கிளப் டீமில் எடுக்கவில்லை. இப்போது ரெஃப்ரி ஆகப்போகிறேன் என்கிறான். எங்கள் கரையில் ரெஃப்ரி அடி வாங்காமல் வீடு சேர்ந்தாலே பெரிய காரியம். அவன் அம்மா பயப்படுகிறாள். விடலாமா?

வாசகர், நீரோடி

அன்புள்ள நண்பருக்கு,

விடுங்கள். ஆடத் தெரியாதவன்தான் ரெஃப்ரி ஆவான் என்ற பேச்சை மட்டும் முதலில் வீட்டில் நிறுத்துங்கள். ஓட்டம் இருக்கிறது என்கிறீர்களே, பாதி வேலை அதுதான். பெரிய ஆட்டங்களில் நடுவர் ஓடும் தூரம் 10 கிலோமீட்டரைத் தொடும். சர்வதேச நடுவர்களின் தகுதித் தேர்வில் 75 மீட்டர் ஓட்டம், 25 மீட்டர் நடை, மறுபடி ஓட்டம் என்று 40 முறை போக வேண்டும்.

இத்தாலிக்காரர் கொலினா நடுவர் பயிற்சிக்குப் போனபோது வயது 17. 2002 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தை நடத்தியது அவர்தான். அதே கோப்பையில் துணை நடுவராகக் கொடி பிடித்தவர் நம் தமிழ்நாட்டு கோமளீஸ்வரன் சங்கர். இந்திய அணி இன்றுவரை உலகக்கோப்பையில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. அந்த மைதானத்துக்குள் நம்மிலிருந்து போனது ஒரு நடுவர். திண்டுக்கல் ரூபா தேவியும் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் நடுவர் பட்டியலில் இடம்பிடித்தவர். பக்கத்துப் பொழியூரில், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி ஆட்டக்காரர்களைப் பெருமையாக எண்ணிச் சொல்வார்கள். ரெஃப்ரிகளை எந்தக் கரையிலும் எண்ணிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி அடி விஷயம். உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. நம் கரைகளில் எல்லோருக்கும் ரூல் தெரியும் என்று நினைப்பு. எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்னால் நின்று பந்து வாங்குவதுதான் ஆஃப்சைடு. த்ரோவில் நேராகப் பந்தை வாங்கினால் அது கிடையாது, கார்னரிலும் கோல்கிக்கிலும் அப்படியே. இருந்தும் திருவிழா டோர்னமென்டுகளில் இதற்குச் சண்டை வரும். 2025இல் விதி வேறு மாறியிருக்கிறது. கோலி 8 வினாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து வினாடியை ரெஃப்ரி கையைத் தூக்கி எண்ணிக் காட்ட வேண்டும். நாற்பது வயது கோலிக்கு முன்னால் உங்கள் மகன் கையைத் தூக்கினால் என்ன நடக்கும்? “எலே, நீ யாருக்க மவன்?” என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லாமல் கார்னரைக் காட்டிவிட்டு நடக்கத் தெரிந்தால் பையன் தேறிவிட்டான்.

ஆனால் பதினாறு வயதுப் பையன் இதைத் தனியாகத் தாங்க வேண்டும் என்று விடுவது அநியாயம். கை வைத்தால் ஆளும் வெளியே, டீமும் வெளியே என்று ஆட்டம் தொடங்கும் முன்பே கமிட்டிக்காரர்கள் மைக்கில் சொல்லட்டும். சொல்ல மறுத்தால் மகனை அனுப்பாதீர்கள். அவன் தப்பான பெனால்டி ஒன்று கொடுக்கத்தான் போகிறான். கொலினாவும் கொடுத்திருப்பார். ஆட்டத்தில் நடந்த விஷயத்தில் ரெஃப்ரி சொன்னதே முடிவு என்று விதியே சொல்கிறது. ராத்திரி சோற்றுத் தட்டுக்கு முன்னால் நீங்கள் அதை மறுவிசாரணை செய்யக் கூடாது. எனக்குத் தெரிந்து பையன்களை விரட்டுவது கூட்டத்தைவிட இந்த விசாரணைதான்.

மாவட்டக் கால்பந்துக் கழகத்தில் பயிற்சி எப்போது என்று கேளுங்கள். விதிகள் மொத்தம் 17தான், அதற்குள் படித்துவிடலாம். இப்போதைக்குக் கொடி பிடிக்கட்டும், சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு ஊதட்டும். சொந்த கிளப் ஆடும் ஆட்டம் மட்டும் வேண்டாம். விசில் வாங்கும்போது உள்ளே உருண்டை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். மற்றது நம் மணலில் ஒருமுறை விழுந்தால் அடைத்துக்கொள்ளும்.