கிறிஸ்தவக் குடும்பமாக வீட்டுக்கல்வி தருகிறோம். பிற நாடுகளையும் பண்பாடுகளையும் வைத்தே பாடம் நடத்த முடியுமா?

தாராளமாக முடியும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு ஏழு. வரலாறு, புவியியல், வேதபாடம், வாசிப்பு, அறிவியலில் ஒரு பங்கு எல்லாம் ஏதாவது ஒரு நாட்டைச் சுற்றித்தான் ஓடும். கணக்கும் இலக்கணமும் மட்டும் தனி. அவற்றை நாட்டுப் பாடத்துக்குள் இழுக்க வேண்டாம் என்பது என் கருத்து. பின்னம் கற்க வேண்டிய பிள்ளைக்குப் பின்னப் பயிற்சிதான் வேண்டும்.

இதில் முதலில் எழும் கேள்விகள் இரண்டு: எந்த நாட்டில் தொடங்குவது, மற்ற மதங்கள் வரும்போது பிள்ளைகளிடம் என்ன சொல்வது.

தொடக்கத்துக்கு நான் சொல்வது அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரம். பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் கூடியிருந்தவர்களின் பட்டியல் அதில் இருக்கிறது: பார்த்தர், மேதர், எலாமீத்தர், மெசொப்பொத்தாமியா, கப்பத்தோக்கியா, பொந்து, பிரிகியா, பம்பிலியா, எகிப்து, சிரேனே... சபையில் வாசிக்கும்போது நாக்குத் தடுமாறி வேகமாகத் தாண்டிவிடுகிற பெயர்கள். ஒரு வெற்று வரைபடத்தைக் கொடுத்து இவற்றைக் குறிக்கச் சொல்லுங்கள். மேதரும் எலாமீத்தரும் இன்றைய ஈரான் பக்கம், மெசொப்பொத்தாமியா பெரும்பாலும் ஈராக், கப்பத்தோக்கியாவும் பொந்துவும் பிரிகியாவும் பம்பிலியாவும் துருக்கி, சிரேனே லிபியா. வரைபடம் நிரம்பும்போது, முதல் சபையின் காலத்திலேயே ஆசியாவும் ஆப்பிரிக்காவும் அதில் இருந்தன என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கிவிடும். கிறிஸ்தவம் ஐரோப்பாவில் பிறந்து மற்ற நாடுகளுக்குப் போனது என்ற எண்ணம் அவர்கள் மனதில் விழுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

அங்கிருந்து 8ஆம் அதிகாரம். கந்தாகே அரசியின் மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார். அவர் வந்த எத்தியோப்பியா எகிப்துக்குத் தெற்கே இருந்த ராஜ்யம். அதன் தலைநகர் மெரோவே இன்றைய சூடானில் இருக்கிறது. எகிப்தில் இருப்பதைவிட அதிக எண்ணிக்கையில் பிரமிடுகள் சூடானில் இருக்கின்றன என்று சொன்னதும் என் மகன் நம்பவில்லை. செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொன்றாகத் தேடி எண்ண உட்கார்ந்துவிட்டான்.

அப்புறம் இன்றைய எத்தியோப்பியா. அதில் அவசரப்படாமல் தங்குங்கள். அக்சூம் ராஜ்யத்தை ஆண்ட எசானா 4ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை ஏற்றவர். அவருடைய பழைய நாணயங்களில் பிறையும் வட்டமும் இருக்கும், பிந்தைய நாணயங்களில் சிலுவை இருக்கும். இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "என்ன மாறியிருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். வரலாற்று ஆய்வாளர் செய்கிற வேலையைப் பிள்ளை தானே செய்துவிடும். லாலிபெலாவில் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய 11 தேவாலயங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மேலிருந்து பார்த்தால் அப்படியே சிலுவை வடிவம். என் மகன் சோப்புக் கட்டியில் அதைச் செதுக்கிப் பார்த்தான். தவறாக வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்று கை வழியாகவே புரிந்தது.

எங்களுக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய கடிகாரம். எத்தியோப்பியாவில் பகலை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். நம் காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி, நம் மாலை ஐந்து அவர்களுக்குப் பதினொன்று. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிற நாடு என்பதால் சூரிய உதய நேரம் வருடம் முழுக்கப் பெரிதாக மாறாது. அதனால் இந்தக் கணக்கு சிக்கலில்லாமல் நடக்கிறது. அறிவியல் பாடம் அதிலேயே வந்துவிடும். அட்டையில் ஒரு கடிகாரம் செய்து எங்கள் நாளின் வேலைகளை அதில் எழுதிக்கொண்டிருந்தபோது மகள் எழுந்து போய் வேதாகமத்தை எடுத்து வந்தாள். மத்தேயு 20இல் ஒரு வீட்டெஜமான் தன் திராட்சத்தோட்டத்துக்குப் பதினோராம் மணி வேளையில் ஆட்களை அமர்த்துகிறார். மற்ற வேலையாட்கள், "இவர்கள் ஒரு மணி நேரம்தானே வேலை செய்தார்கள்" என்று முறுமுறுக்கிறார்கள். "அப்போ அது சாயங்காலம் அஞ்சு மணிம்மா, ஆறு மணிக்கு வேலை முடியும்" என்றாள். நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. ஒரு நாட்டை நிதானமாகப் படிக்கும்போதுதான் இப்படி நடக்கும்.

அதனால்தான் வருடத்துக்கு நான்கைந்து நாடு போதும் என்கிறேன். வாரத்துக்கு ஒரு நாடு, ஒரு கொடி, ஒரு உடை, ஒரு பலகாரம் என்று ஓடினால், அந்த மக்கள் விநோதமானவர்கள் என்பது மட்டும்தான் பிள்ளை மனதில் தங்கும்.

வயது வித்தியாசம் பெரிய தடை இல்லை. ஒரே பகுதியை இருவருக்கும் வாசித்துக் காட்டி, சின்னவனை வாயால் திருப்பிச் சொல்ல வைக்கிறேன், பெரியவள் எழுதுகிறாள். சார்லட் மேசன் (1842–1923) என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் வற்புறுத்திய முறை இது.

சில பாடங்கள் மட்டும் பெரியவளுக்கே. ஜப்பான் அப்படி ஒன்று. பிரான்சிஸ் சவேரியார் 1549இல் அங்கே போய் இறங்கினார். 1614இல் நாடு முழுவதும் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. சந்தேகப்பட்டவர்களை இயேசு அல்லது மரியாளின் உருவத்தை மிதிக்கச் சொன்னார்கள். குருமார்கள் இல்லாமலே தலைமுறை தலைமுறையாக ஜெபத்தையும் ஞானஸ்நானத்தையும் மறைவில் காத்தவர்கள், 1865இல் நாகசாகியில் ஒரு பிரெஞ்சுக் குருவிடம் வந்து தங்களை வெளிப்படுத்திக்கொண்டார்கள். தடை நீங்கியது 1873இல். இந்தக் கதையை உருக்கமாகச் சொல்லிவிட்டு நிறுத்துவது எளிது. ஆனால் ஆட்சியாளர்கள் ஏன் பயந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்திலிருந்த பிலிப்பைன்ஸை ஸ்பெயின் பிடித்திருந்தது அவர்களுக்குத் தெரியும். அதேபோல் 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் விழுந்த அணுகுண்டு, அந்த மறைவான விசுவாசிகளின் சந்ததியார் கட்டிய உராகாமி பேராலயத்துக்குச் சுமார் அரை கிலோமீட்டர் தூரத்தில் வெடித்தது. போட்டது கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஒரு தேசம். மகள் இதற்கு விளக்கம் கேட்டாள். சுலபமான பதிலை நான் தரவில்லை. இருவரும் ஜெபித்தோம்.

இனி மற்ற மதங்கள். பத்துக் கட்டளைகளில் ஒன்று போதும் எனக்கு: "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக." அயலானின் நம்பிக்கையைத் திரித்துச் சொல்வதும் பொய்ச்சாட்சிதான். இந்தோனேசியா படித்தபோது ரமலான் நோன்பைப் பற்றிப் பேசினோம். ஒரு முஸ்லிம் தாய் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், "ஆமாம், இப்படித்தான்" என்று தலையசைக்கும்படி சொல்ல வேண்டும் என்பதே நான் வைத்திருக்கும் அளவுகோல். அதே நாட்டில்தான் 9ஆம் நூற்றாண்டின் பொரோபுதூர் பௌத்த நினைவிடமும் பிரம்பனன் இந்துக் கோயில்களும் நிற்கின்றன. ஜாவாவில் ராமாயண நிழற்பாவைக் கூத்தை நடத்துகிறவர்களில் பலர் முஸ்லிம்கள். இதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். நாம் எதை விசுவாசிக்கிறோம், ஏன் என்பதையும் அதே மேசையில் தெளிவாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் குழம்புவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். மற்ற மதத்தைக் கேலியாகவே கேட்டு வளர்ந்த பிள்ளை, நல்ல மனதுள்ள ஒரு முஸ்லிமையோ பௌத்தரையோ முதன்முதலில் சந்திக்கிற நாளில்தான் அதிகமாகக் குழம்பும்.

(இந்தோனேசியா எடுத்தால் 1815இல் வெடித்த தம்போரா எரிமலையை விட்டுவிடாதீர்கள். அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடையே வராமல் பயிர் அழிந்தது. அறிவியலும் வரலாறும் ஒன்றாகவே வரும்.)

குடும்ப ஜெபத்தில் அந்த நாட்டுக்காக ஜெபிக்கும்போது, முதலில் அங்கிருந்து நாம் பெற்றதற்கு நன்றி, பிறகு அவர்களுடைய தேவைகள் என்ற வரிசையை வைத்திருக்கிறோம். "பாவம், அவங்க" என்று தொடங்கும் ஜெபத்தை நான் அன்போடு திருத்திவிடுவேன். எத்தியோப்பிய விசுவாசிகள் புதனும் வெள்ளியும் இறைச்சி, பால், முட்டை எதுவும் தொடாமல் உபவாசிக்கிறார்கள். அவர்களிடம் நாம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

கடைசியாக நடைமுறை. வீட்டுக்கல்விச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனி போன்ற நாடுகளில் பொதுவாக அனுமதியே கிடையாது. நீங்கள் இருக்கும் இடத்தின் விதிகளை முதலில் பார்த்துவிடுங்கள். அனுமதி உண்டென்றால், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நோட்டு போட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள்: வாசித்த புத்தகம், வரைந்த வரைபடம், எழுதிய கட்டுரை, செய்த பொருளின் படம். எந்தப் பாடத்துக்கு எது சேரும் என்பதை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் பிள்ளை பள்ளியிலோ தேர்விலோ சேர வேண்டி வந்தால், வரலாறும் புவியியலும் எங்கே படித்தது என்று கேட்பவர்களுக்கு அந்த நோட்டைக் காட்டலாம்.