பெண்டிகோ தங்க வயலில் கத்தும் மெட்டல் டிடெக்டர்: பெரிய சுருள் மாட்டலாமா?

ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ பகுதியில் தங்கம் தேடும்போது டிடெக்டர் ஓயாமல் கத்துகிறது, பெரிய சுருள் (தரைமேல் வீசும் தேடு வளையம்) மாட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்காதீர்கள், கத்தல் இன்னும் கூடும். அது ஆழமாகப் பார்க்கும், சரி. கூடவே அதிக மண்ணையும் பார்க்கும்.

உங்கள் 7 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஓடும் டிடெக்டர் பூங்காவில் நாணயம் தேட நல்ல கருவி. ஆனால் பெண்டிகோ இருக்கும் விக்டோரியா மாநிலத் தங்க வயல்களில் பல இடங்களில் இரும்புக் கனிமம் நிறைந்த மண். அதற்கே சத்தம் போடுகிறது என்று நினைக்கிறேன்.

கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் சிக்னலைக் கருவி கண்டுகொள்ளாதபடி சரிசெய்வது) செய்துவிட்டு, சுருளைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரம்வரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். தரையை நெருங்கும்போது மட்டும் கத்தினால் மண்தான். அசையாமல் தூக்கிப் பிடித்தாலும் கத்தினால் பக்கத்தில் மின்கம்பியோ இன்னொரு டிடெக்டரோ இருக்கும். கருவியைக் குறை சொல்லாமல் இடத்தை மாற்றுங்கள்.

மண்தான் என்றால், ஆழத்தில் கிடக்கும் தங்கக் கட்டிகளுக்குப் பல்ஸ் இண்டக்‌ஷன் கருவி, அதாவது காந்தத் துடிப்புகளை அனுப்பித் தேடும் டிடெக்டர். மேலாகக் கிடக்கும் அரிசியளவுத் துணுக்குகள் போதுமென்றால் 45 கிலோஹெர்ட்ஸில் ஓடும் கோல்டு மான்ஸ்டர் 1000 என்ற டிடெக்டர். விலையும் நன்றாகக் குறைவு.

பல்ஸ் கருவி இரும்பை நம்பகமாகப் பிரித்துக் காட்டாது. பழைய ஆணி, ஈயக்குண்டு எல்லாவற்றையும் தோண்டியே ஆக வேண்டும். முதுகு தாங்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். அப்புறம், விக்டோரியாவில் தங்கம் தேட மைனர்ஸ் ரைட் அனுமதி கட்டாயம்.