சீட்டில் 'என் (N) 90.9' என்று எழுதியிருந்தால் அது என்ன நோய்?

கேள்வி: எனக்கு 56 வயது. பிறப்புறுப்பின் வெளித்தோலில் ஒரு வருடமாக அரிப்பு, தோலும் வெளுத்துவிட்டது. பூஞ்சைக்கான க்ரீம் மூன்று முறை போட்டும் தீரவில்லை. இப்போது சீட்டில் 'அழற்சியல்லாத வல்வா (பெண்ணின் வெளிப் பிறப்புறுப்பு) கோளாறு, என் 90.9' என்று இருக்கிறது. புற்றுநோயா டாக்டர்?

பதில்: அந்த எண்ணை வைத்து ஆம், இல்லை என்று சொல்ல முடியாதம்மா. அது நோயின் பெயரே அல்ல. நோய்களுக்கு எண் கொடுக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் என் 90 இந்தக் கோளாறுகளுக்கான ஓர் அலமாரி. செல் மாற்றங்களுக்கு 90.0 முதல் 90.3 வரை, வெண்திட்டுக்கு 90.4, தோல் சுருங்கலுக்கு 90.5, நீர்க்கட்டிக்கு 90.7. கடைசித் தட்டான 90.9-க்கு 'இன்னும் பெயர் வைக்கவில்லை' என்று பொருள். முதல் நாள் அப்படி எழுதலாம். ஒரு வருட அரிப்புக்குப் போதாது.

நீங்கள் சொல்வதைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றுவது லைக்கன் ஸ்க்ளீரோசஸ் என்ற தோல் நோய். வேடிக்கை என்னவென்றால் அது அழற்சி நோய்தான். பட்டியல் அதை 'அழற்சியல்லாத' தட்டில் வைத்திருக்கிறது. ஆகவே அந்தச் சொல்லைப் பார்த்து எதையும் முடிவுகட்ட வேண்டாம்.

நல்ல வெளிச்சத்தில், பிறப்புறுப்பின் உதடுகளை விலக்கி, டாக்டர் மலவாய் வரை பார்க்க வேண்டும். வெங்காயச் சருகுபோல் மெலிந்து சுருங்கிய வெண்தோல், ஒட்டி மறைந்துபோன சிற்றுதடு, சின்னக் கீறல்கள் ஆகியவை இந்த நோயின் அடையாளங்கள். பார்த்ததை எழுதுவதிலும் ஒரு முறை உண்டு. கடிகார முகமாக எண்ணி, கிளிட்டோரிஸ் பக்கம் 12, மலவாய்ப் பக்கம் 6. 'வெண்திட்டு உள்ளது' என்ற குறிப்பு ஆறு மாதம் கழித்து யாருக்கும் உதவாது. '4 மணியில் 8 மி.மீ. வெண்திட்டு, தடிப்பில்லை, புண்ணில்லை' என்றிருந்தால் அது வளர்ந்ததா என்று அடுத்த டாக்டரும் சொல்லிவிடுவார். உங்கள் சம்மதத்தோடு படம் எடுத்து வைப்பது இன்னும் நல்லது.

எல்லோருக்கும் பயாப்ஸி (தோலில் துளி எடுத்துச் சோதிப்பது) தேவையில்லை. தடிப்பு, ஆறாத புண், புதுக் கட்டி, நிறமாற்றம் இருந்தாலோ, மருந்துக்கு மசியாவிட்டாலோ, நோய் எதுவென்று உறுதியாகத் தெரியாவிட்டாலோ எடுத்தாக வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டு, 4 மி.மீ. அளவில் துளி தோல் எடுப்பார்கள். ஸ்டீராய்டு தொடங்குமுன் எடுத்தால் முடிவு தெளிவாக வரும்.

லைக்கன் என்று உறுதியானால் க்ளோபெட்டசால் 0.05% என்ற ஸ்டீராய்டு களிம்புதான் முதல் மருந்து. ஸ்டீராய்டு என்று பயந்து பாதியில் நிறுத்துபவர்களே அதிகம். நிறுத்தினால் அரிப்பு திரும்பும். இந்த நோயுள்ளவர்களில் புற்றுநோய் வருவது 5 சதவீதத்துக்கும் குறைவு. சரியாகப் போட்டுவந்தால் இன்னும் குறையும். அரிப்பு அடங்கினாலும் வருடம் ஒருமுறை காட்டுங்கள்.

அடுத்த முறை போகும்போது இதுவரை போட்ட க்ரீம்களின் அட்டைகளைக் கையோடு கொண்டுபோங்கள். அன்று காலை எதுவும் தடவ வேண்டாம்.