மண்ணுல கார்பன் ஏறிடுச்சுன்னு சொன்னா போதாதா, கார்பன் கிரெடிட் வாங்க எதுக்கு இவ்ளோ விதிமுறை?

போதாதுங்க. ஆஸ்திரேலியாவையே எடுத்துப்போமே, அங்க 2011லயே இதுக்குன்னு தனிச் சட்டம் போட்டுட்டாங்க, காத்துக்குப் போகாம சேத்து வச்ச ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஒரு கிரெடிட், அதாவது விக்கக்கூடிய ஒரு சான்று.

சிக்கலே அளக்குறதுலதான். குழாய் மாதிரி ஒரு கருவிய குறைஞ்சது 30 செ.மீ. ஆழம் இறக்கி மண்ணை எடுத்து லேபுக்கு அனுப்புவாங்க. ஆனா இடையில மாடு மிதிச்சு நிலம் இறுகிப்போச்சுன்னா அதே 30 செ.மீ.ல இப்ப மண்ணே அதிகமா இருக்கும், அதனால கார்பனும் கூடுன மாதிரி கணக்கு வரும், நிஜத்துல ஒண்ணும் கூடியிருக்காது. அதான் ஆழத்த மட்டும் நம்பாம சம எடையுள்ள மண்ண ஒப்பிடணும்னு விதி வச்சிருக்காங்க. எந்த இடத்துல தோண்டணும்ங்கறதும் குலுக்கல் மாதிரிதான் முடிவாகும், செழிப்பான மூலையா பார்த்து எடுக்க முடியாது.

அப்புறம் மழை. நல்ல மழை பெஞ்சா புல் தானா வளரும், கார்பனும் ஏறும், அதுல விவசாயியோட உழைப்பு எவ்ளோன்னு பிரிக்கிறது ரொம்பக் கஷ்டம். வறட்சி வந்தா ஏறினதுல கொஞ்சம் திரும்பக் காத்துக்கே போயிடும். அதனாலதான் முதல் அளவீட்டுக்கு வர்ற கிரெடிட்ல ஒரு பங்கை நிறுத்தி வைக்கிறாங்க, இது ரொம்ப நியாயம்னுதான் நான் சொல்வேன்.

ஏறின கார்பன மண்ணுலயே எவ்ளோ வருஷம் காப்பாத்தணும்னா 25 வருஷம், இல்லன்னா 100 வருஷம். 25 எடுத்தா 20 சதவீதம் கழிப்பாங்க, ரிஸ்க்குக்குன்னு இன்னொரு 5. ஆக 100 டன் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு சேத்தா கைக்கு வர்றது 75 கிரெடிட்தான். இந்தக் கழிவ முதல்லயே விவசாயிகிட்ட தெளிவா சொல்லிட்டுத்தான் கையெழுத்தே வாங்கணும்.